வடசென்னையிலிருந்து வொண்டர்லா: ஒரு நாள் போதுமா, இரண்டு நாள் வேண்டுமா?

திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா 2025 டிசம்பரில் திறந்தது. அறுபத்து நான்கு ஏக்கருக்கு மேல் பரப்பு, நாற்பத்து மூன்று ரைடுகள். சோழிங்கநல்லூரிலோ வேளச்சேரியிலோ இருப்பவர்கள் காலையில் டிபன் முடித்துவிட்டுக் கிளம்பினால் போதும், எத்தனை நாள் என்று அவர்கள் யோசிக்கத் தேவையில்லை. திருவொற்றியூர், எண்ணூர், மணலி, தண்டையார்பேட்டை, பெரம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் யோசித்தாக வேண்டும். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெளியே போய், பிள்ளைகளோடு அன்று இரவே திரும்ப வேண்டும். "இவ்வளவு தூரம் போறோம், ரெண்டு நாளாப் போயிடலாமே" என்ற பேச்சு வீட்டில் எழுவது இதனால்தான்.

பெரும்பாலான வடசென்னைக் குடும்பங்களுக்குப் பூங்காவுக்குள் ஒரு நாளே போதும். ஆனால் அது எந்த நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தவறாகத் தேர்ந்தெடுத்த இரண்டு நாளைவிடச் சரியாகத் தேர்ந்தெடுத்த ஒரு நாள் அதிகம் தரும்.

## முதலில் அளவுகோல்கள்

ரைடு நேரம். வார நாளில் வழக்கமாகக் காலை 11 முதல் மாலை 6 வரை பூங்கா இயங்கும், விடுமுறை நாளில் 7 வரை. டிக்கெட் போடும் பக்கத்தில் தேதியைத் தொட்டால் அன்றைய நேரம் தெரியும். ஏழு மணி நேரம் என்பது 420 நிமிடம். சாப்பாட்டுக்கு 45, தண்ணி ரைடுக்கு உடை மாற்றி மறுபடி உலர்ந்த உடைக்கு வர 40, கழிப்பறை, லாக்கர், நிழலில் உட்காருவது என்று இன்னொரு 45. கையில் மிஞ்சுவது 290 நிமிடம். கூட்டமில்லாத நாளில் வரிசை, ரைடு, அடுத்த ரைடுக்கு நடை எல்லாம் சேர்த்து ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் வைத்தால் பத்தொன்பது ரைடு. கூட்டமான நாளில் அதே ஒன்று நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். அப்போது ஆறு. விடுமுறை நாளில் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தைச் சேர்த்தாலும் ஏழெட்டைத் தாண்டாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் போனால்கூடப் பதினைந்து. ஒரு நல்ல புதன்கிழமைக்கு அது ஈடாகாது.

சாலை நேரம். ஓ.எம்.ஆரில் வார நாள் காலை ஐ.டி. வேலைக்காரர்கள் தெற்கே போகிறார்கள், மாலையில் வடக்கே திரும்புகிறார்கள். நாம் போவதும் வருவதும் அதே திசை, அதே நேரம். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த இடங்களில் சாலை குறுகியும் இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து வார நாள் காலை ஏழு மணிக்குக் காரில் கிளம்பினால் இரண்டரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். மாலை ஆறரைக்குத் திரும்பும்போது மூன்று. ஞாயிறு காலை இதில் ஒரு மணி நேரம் மிச்சமாகும், ஆனால் ஞாயிறு மாலை கோவளம், மாமல்லபுரம் போனவர்கள் எல்லாரும் ஊர் திரும்புவார்கள்.

ஒரு ரைடுக்கு என்ன விலை. டிக்கெட் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திறந்தபோது டிக்கெட் 1,489 ரூபாயிலிருந்து தொடங்கியது. அந்த விலைக்குப் பத்தொன்பது ரைடு ஏறினால் ஒன்று 78 ரூபாய், ஆறு ஏறினால் 248 ரூபாய். சாலைச் செலவும் சாப்பாடும் இதற்கு மேல்.

வீட்டில் யார் எவ்வளவு உயரம். வொண்டர்லா குழுமத்தின் பூங்காக்களில் 85 செ.மீ.க்குக் கீழ் உள்ள குழந்தைக்கு டிக்கெட் இல்லை, அங்கிருந்து 140 செ.மீ. வரை குழந்தை டிக்கெட். பெரிய ரைடுகள் பலவற்றிலும் 140 செ.மீ. தாண்டியவர்களையே ஏற்றுவார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் பத்து, பதினோரு வயதில் இந்த உயரத்தைத் தொடுகிறார்கள். கிளம்புவதற்கு முன் வீட்டுச் சுவரில் வைத்து அளந்துவிடுங்கள். அங்கே போய் அளவுகோலுக்கு இரண்டு விரல் குறைந்து நிற்கும் பிள்ளையைச் சமாதானப்படுத்த எந்த ஐஸ்கிரீமாலும் முடியாது.

மறுநாள். ஆறு மணி ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர் இரவு பத்தரைக்கு வீடு வந்தால் என்ன ஆகும் என்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

## நான்கு வழிகள் ஒரே பார்வையில்

| | அன்றே திரும்புவது | ஒரு நாள் பூங்கா, ஓர் இரவு தங்கல் | அடுத்தடுத்து இரண்டு நாள் | சில மாத இடைவெளியில் இரண்டு முறை |
|---|---|---|---|---|
| பூங்கா நேரம் | 7 மணி | 7 மணி, அவசரமின்றி | 14 மணி. இரண்டாம் நாள் உடல் ஒத்துழைக்காது | 14 மணி |
| சாலை நேரம் | 5 முதல் 6 மணி, ஒரே நாளில் | அதே அளவு, இரண்டு நாளாகப் பிரிகிறது | அதே | இரு மடங்கு |
| டிக்கெட் | ஒரு முறை | ஒரு முறை | இரண்டு முறை | இரண்டு முறை, வெவ்வேறு சம்பளத்தில் |
| மறைந்த செலவு | மறுநாள் அரை லீவு | அறை, இரவுச் சாப்பாடு, வண்டி இரண்டாம் நாள் | எல்லாமும் | இன்னொரு லீவு நாள் |
| யாருக்கு | பெரியவர்கள், கல்லூரிப் பசங்கள் | சிறு பிள்ளை, தாத்தா பாட்டி உள்ள வீடு | வெளியூர் விருந்தினர், ரைடு பைத்தியங்கள் | வளரும் பிள்ளை உள்ள வீடு |

## அன்றே போய் அன்றே திரும்புவது

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், கல்லூரி நண்பர்கள், கல்யாணமான புது ஜோடி ஆகியோருக்கு இதுவே போதும். கல்லூரி அடையாள அட்டைக்குத் தள்ளுபடி உண்டு. ஆன்லைனில் போடும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அசல் அட்டையைக் கையில் கொண்டுபோக வேண்டும்.

இந்த வழி சொதப்புவது பெரும்பாலும் சாலையில்தான். நேராக நகரத்துக்குள் புகுந்து ஓ.எம்.ஆர். பிடிப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். தூரமும் அதில்தான் குறைவு, திருவொற்றியூரிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர். ஞாயிறு காலைக்கு அது சரி. வார நாளுக்கு வேறு மூன்று வழி இருக்கிறது.

மாதவரம், புழல், கொளத்தூர், பெரம்பூர்க்காரர்கள் சென்னை பைபாஸ் பிடிக்கலாம். புழலிலிருந்து பெருங்களத்தூர் வரை 32 கிலோமீட்டர். அங்கிருந்து வண்டலூர், பிறகு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை, கேளம்பாக்கத்திலிருந்து தெற்கே திருப்போரூர். சூரப்பட்டு, வானகரம் இரண்டு இடத்திலும் சுங்கச்சாவடி உண்டு, ஃபாஸ்டாக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின இரவே பாருங்கள்.

மணலி புதுநகர், மீஞ்சூர், அத்திப்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு வெளிவட்டச் சாலை. மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை 62 கிலோமீட்டர். மொத்த தூரம் தொண்ணூறைத் தொடும், சுங்கமும் உண்டு, ஆனால் நேரத்தை முன்கூட்டிச் சொல்ல முடியும். எண்ணூர் விரைவுச் சாலை வழியாக நகரத்துக்குள் போக நினைத்தால், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாளில் ராயபுரம் தாண்டவே முக்கால் மணி நேரம் போய்விடும்.

மூன்றாவது, ரயில். சொந்த வண்டி இல்லாத வீட்டுக்கு இதுதான் மலிவு, பலருக்கு இதுதான் வேகமும்கூட. எண்ணூர், கத்திவாக்கம், வண்ணாரப்பேட்டையிலிருந்து புறநகர் ரயிலில் கடற்கரை நிலையம், அங்கிருந்து செங்கல்பட்டு வண்டியில் வண்டலூர். கடற்கரையிலிருந்து வண்டலூருக்கு ஏறத்தாழ ஒன்றே கால் மணி நேரம். இந்தத் தடத்தில் 2025 ஏப்ரலிலிருந்து ஏ.சி. மின்சார ரயிலும் ஓடுகிறது, திரும்பி வரும் களைப்புக்கு அது நல்லது, நேரத்தைப் பார்த்து வையுங்கள். விம்கோ நகர், திருவொற்றியூர் தேரடி, காலடிப்பேட்டைக்காரர்கள் மெட்ரோவில் விமான நிலையம் வரை போய், எதிரே திரிசூலத்தில் அதே செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்கலாம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கத்துக்குப் பேருந்து, அங்கிருந்து பூங்காவுக்கு ஆட்டோவோ ஆப் டாக்ஸியோ. வண்டி போடும்போது கேளம்பாக்கத்தையும் கிளாம்பாக்கத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று ஓ.எம்.ஆரில், மற்றது வண்டலூர் அருகே புறநகர்ப் பேருந்து நிலையம். இரவு எட்டு மணிக்குத் தவறான இடத்தில் இறங்கினால் பிள்ளைகளோடு இன்னொரு மணி நேரம் வீணாகும்.

மெட்ரோவின் கடைசி வண்டிகள் இரவு பதினொரு மணியளவில். அதனால் விமான நிலையத்தை பத்தேகாலுக்குள் தொட்டுவிட வேண்டும் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவை விட்டு ஏழு மணிக்குள் வெளியே வந்தால் இது பதற்றமில்லாமல் நடக்கும்.

மாதவரம் பால்பண்ணையிலிருந்து சிறுசேரி சிப்காட் வரை கட்டப்படும் மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் முழுதாக ஓடத் தொடங்கினால் பெரம்பூர், மாதவரம் பக்கத்துக் கணக்கு அடியோடு மாறும். அதுவரை மேலே சொன்னவைதான்.

பூங்காவுக்குள் ஒரே நாளில் நிறைய ஏற விரும்பினால் கூட்டத்தின் ஓட்டத்துக்கு எதிராக ஓடுங்கள். பதினொரு மணிக்குக் கதவு திறந்ததும் எல்லாரும் பெரிய ரோலர் கோஸ்டருக்கு ஓடுவார்கள். தஞ்சோரா என்ற அந்தக் கோஸ்டரில் தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும், கால் அந்தரத்தில் தொங்கும். நீங்கள் கதவு திறக்கும் முன்பே வாசலில் முதல் ஐம்பது பேருக்குள் நின்றால் நேராக அங்கே போகலாம். இல்லையென்றால் அதை விட்டுவிட்டு வேறு நடுத்தர ரைடுகளை முடியுங்கள். மதியம் ஒன்றரைக்கு மேல் பெரும்பகுதி ஜனங்கள் சாப்பாட்டுக்கும் அலைக்குளத்துக்கும் போய்விடுவார்கள். தண்ணியில்லாத டிரை ரைடுகளின் வரிசை குறையும் நேரம் அது. தண்ணிப் பகுதி திறந்தவுடன் முதல் ஆளாக இறங்கி, இரண்டரைக்கு வெளியே வந்து, மாலை வரை டிரை ரைடு ஏறுவது வடசென்னைக்காரர்களுக்கு இன்னொரு வகையிலும் வசதி: ஈர உடையோடும் ஈரத் தலையோடும் இரண்டு மூன்று மணி நேரம் ஏ.சி.யில் உட்கார்ந்து திரும்ப வேண்டியதில்லை.

வரிசையில் நிற்கலாமா வேண்டாமா என்பதை நீங்களே கணக்கிடலாம். ஒரு முறைக்கு எத்தனை பேரை ஏற்றுகிறார்கள், இரண்டு ஏற்றத்துக்கு நடுவே எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 24 பேர், நான்கு நிமிடம் என்றால் மணிக்கு 360 பேர். உங்களுக்கு முன்னே 180 பேர் இருந்தால் அரை மணி நேரம். முன்னால் இருக்கும் தலைகளைப் பத்துப் பத்தாக எண்ணினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

காலையில் கேளம்பாக்கத்திலோ திருப்போரூரிலோ இட்லி, பொங்கல் என்று முடித்துவிடுங்கள். வெளிச்சாப்பாட்டை உள்ளே அனுமதிப்பதில்லை, கைக்குழந்தைக்கான உணவு மட்டும் விதிவிலக்கு. வீட்டில் கட்டிய புளிசாதத்தை வண்டியில் வைத்து மாலை வெளியே வந்ததும் சாப்பிடுங்கள். உள்ளே மதியம் வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் சுழலும் ரைடில் ஏறினால் என்ன நடக்கும் என்பது பக்கத்து இருக்கைக்காரருக்கும் தெரியவரும்.

## ஒரு நாள் பூங்கா, ஓர் இரவு வெளியே

"ரெண்டு நாள்" என்று கேட்பவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் வேண்டியது இதுதான். அவர்களுக்குச் சலிப்பு தருவது பூங்கா போதாமை அல்ல, அதே நாளில் ஆறு மணி நேரச் சாலை.

தங்குவது முந்தைய இரவா, அன்றைய இரவா? பூங்கா பதினொன்றுக்குத்தான் திறக்கிறது. அதனால் முந்தைய இரவு தங்கிப் பெரிதாக லாபமில்லை, வீட்டிலிருந்து ஏழரைக்குக் கிளம்பினாலே நேரத்துக்குப் போய்விடலாம். அன்று இரவு தங்குங்கள். மாலை ஆறரைக்குத் தூங்கி வழியும் பிள்ளையைத் தோளில் போட்டு ஓ.எம்.ஆர். நெரிசலில் நிற்காமல், அரை மணி நேரத்தில் படுக்கையில் போடலாம். கேளம்பாக்கத்தில் லாட்ஜுகள் உண்டு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மாமல்லபுரம் இன்னும் நல்லது, எல்லா விலையிலும் அறை கிடைக்கும். நான்கு பேருக்கு ஒரு சாதாரண ஏ.சி. அறை, பூங்காவின் இரண்டாம் நாள் நான்கு டிக்கெட்டைவிடக் குறைவாகவே முடியும். நான்கு டிக்கெட் என்றால் ஆறாயிரத்தை ஒட்டி வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். சனிக்கிழமை இரவு மட்டும் மாமல்லபுரத்தில் வாடகை ஏறும், மேலே சொன்ன கணக்கு வார நாளுக்குத்தான் பொருந்தும்.

மறுநாள் காலை கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் ஆறு மணிக்கே திறந்துவிடும். ஒன்பதுக்குள் வெயில் ஏறுமுன் பார்த்துவிட்டு, ஐ.டி. கூட்டம் அலுவலகம் சேர்ந்த பிறகு பத்தரைக்குக் கிளம்பினால் சாலை காலி. வண்டலூர் வழியாகத் திரும்புகிறவர்கள் உயிரியல் பூங்காவையும் பார்க்கலாம், ஆனால் அது செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். திங்கட்கிழமை வொண்டர்லா போய்ச் செவ்வாய் வண்டலூர் என்று திட்டம் போட்டால் கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

தாத்தா பாட்டி கூட வந்தால் இந்த வழிக்கு மேலும் ஒரு நியாயம் உண்டு. அவர்கள் ரைடு ஏறாவிட்டாலும் உள்ளே வர டிக்கெட் வேண்டும். அறுபது வயது தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டு என்றாலும் வெயிலில் ஏழு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைப்பது அவர்களுக்குத் தண்டனை. திருப்போரூர் கந்தசாமி கோயிலைக் காலையில் எல்லாருமாகத் தரிசித்து, பெரியவர்களை அறையில் விட்டுவிட்டு மற்றவர்கள் பூங்காவுக்குப் போகலாம். அறைக்குக் காலை பத்து மணிக்கே நுழைய முடியுமா என்று முன்பே பேசி வையுங்கள், பல இடங்களில் மதியம் பன்னிரண்டுக்குத்தான் சாவி. கிருத்திகை நாளாக இருந்தால் திருப்போரூர் ஊருக்குள் வண்டி நகராது. அன்றைக்குக் கோயிலும் பூங்காவும் சேர்த்துத் திட்டமிட வேண்டாம், நாட்காட்டியை ஒரு தடவை புரட்டினால் போதும்.

## அடுத்தடுத்து இரண்டு நாள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். முதல் நாள் முடிவில் கழுத்தும் தோளும் வலிக்கும், தண்ணியில் ஊறிய தோல் வெயிலில் எரியும், நீச்சலுடை காயாமல் பையில் நாறும். இரண்டாம் நாள் மதியமே பிள்ளைகள் "போதும்" என்பார்கள். முழு டிக்கெட் கொடுத்து அரை நாள் வாங்குகிறீர்கள்.

இது சரியாக வரும் இடங்கள் உண்டு. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ லீவுக்கு வந்த உறவுக்காரர்கள், வேறு தேதி கிடையாது, மே மாதம்தான் வர முடியும் என்றால் முதல் நாள் டிரை, இரண்டாம் நாள் தண்ணி என்று பிரிக்கலாம். உடை மாற்றும் நேரமும் லாக்கர் அலைச்சலும் ஒரு நாளுக்கு மிச்சம். இன்னொன்று, பதினைந்து பேருக்கு மேல் போகும் கூட்டம். அதில் பாதி தண்ணியை விட்டு வராது, பாதி கோஸ்டரை விட்டு வராது.

ஆனால் இரண்டாம் நாள் டிக்கெட்டுக்கு முன், வரிசையைத் தாண்டிப் போகும் ஃபாஸ்ட்ராக் டிக்கெட்டை எடைபோடுங்கள். விலை ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது இரண்டு சாதாரண நாளுக்கு ஆகும் பணம். கூட்டமான நாளில் அறையும் இரண்டாம் நாள் லீவும் இல்லாமல் ஏறக்குறைய அத்தனை ரைடும் அதில் கிடைத்துவிடும். கூட்டமில்லாத வார நாளில் அதை வாங்குவது வீண்.

## சில மாத இடைவெளியில் இரண்டு முறை

வெளியூர்க்காரர்களுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது: பூங்கா நம் ஊரை ஒட்டியே இருக்கிறது, எப்போதும் போகலாம். பத்து வயதில் 137 செ.மீ. இருக்கும் பிள்ளையை இப்போது இரண்டு நாள் கூட்டிப்போனாலும் இரண்டு நாளும் அதே ரைடுகளைத்தான் ஏறும். இப்போது ஒரு நாள், 140 தாண்டியதும் இன்னொரு நாள் என்றால் இரண்டாவது தடவை அதற்குப் புதுப் பூங்கா.

சின்னக் குழந்தையோடு இருக்கும் பெற்றோருக்கு இன்னொரு கணக்கு. பெரிய ரைடில் அப்பா ஏறும்போது அம்மா குழந்தையோடு நிற்பார், பிறகு அம்மாவுக்கு மறுபடி முழு வரிசை. ஒவ்வொரு ரைடுக்கும் நேரம் இரட்டிப்பு. வரிசையில் நிற்காமல் ஆள் மாற்றிக்கொள்ள விடுவார்களா என்று ரைடு வாசலில் இருக்கும் ஊழியரிடம் முதலிலேயே கேளுங்கள். விடவில்லையென்றால் அந்த நாளைக் குழந்தைக்கான நாளாகவே வைத்துக்கொண்டு, பெரியவர்கள் மட்டும் வேறொரு நாள் போவது மனக்கசப்பைத் தவிர்க்கும்.

## எந்த நாள்

எல்லா வழிக்கும் இதுதான் ஆணிவேர். செவ்வாய், புதன், வியாழன் நல்லது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கூட்டம் பொதுவாகக் குறைவு, காலாண்டு விடுமுறை மட்டும் விதிவிலக்கு. பிப்ரவரியில் தேர்வு நெருங்குவதால் குடும்பங்கள் வருவது குறையும், ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வார நாளில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரும். வாசலில் நாலைந்து மஞ்சள் பேருந்து நின்றால் தண்ணிப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளுங்கள், பள்ளிக்கூடங்கள் நாலரைக்குள் கிளம்பிவிடும். காணும் பொங்கல், தீபாவளிக்கு மறுநாள், மே மாத ஞாயிறுகள் அறவே வேண்டாம்.

வார நாளுக்கும் ஒரு குறை உண்டு. கூட்டம் குறைந்தால் சில ரைடுகளை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள், சிலவற்றைப் பராமரிப்புக்கு நிறுத்துவார்கள், ஆள் சேரும் வரை காக்க வைப்பார்கள். எந்த ரைடுக்காகப் போகிறீர்களோ அது அன்று ஓடுகிறதா என்று காலையில் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மின்னல் தெரிந்தாலே உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், மழை விட்ட பிறகும் தண்டவாளத்தைச் சோதித்துத்தான் ஓட்டுவார்கள். மூன்று மணி நேரம் அப்படிப் போனால் ஒரு நாள் திட்டம் உடைந்துவிடும். இந்தப் பருவத்தில்தான் போக முடியும் என்றால், வானிலை அறிக்கையை இரண்டு நாள் முன்பு பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். மே மாதக் கத்திரியில் பிரச்சினை வேறு. வெறுங்காலோடு நடக்கும் தண்ணிப் பகுதித் தரை மதியம் சுடும், வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆகாது.

வடசென்னையின் வேலை நேரமே இந்த விஷயத்தில் நமக்குச் சாதகம். மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளில் ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு வார ஓய்வு சுழற்சியில் வரும், செவ்வாயோ புதனோ அமையும். காசிமேட்டில் மீன் வியாபாரம் உச்சத்தில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை, அன்று வீட்டைவிட்டு நகரவே முடியாது, வார நடுவில்தான் மூச்சு விட நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் கரையில் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் லீவு. ஆனால் கையில் வருமானம் இல்லாத 61 நாள் அது, பூங்காவிலும் கூட்டம் உச்சம். ஜூலையில் படகு கடலுக்குப் போய் வந்த பிறகு, பிள்ளைகளுக்கு ஒரு நாள் பள்ளி லீவு போட்டாலும் அது மலிவு.

## தெருவே சேர்ந்து வேன் பிடிக்கும்போது

பன்னிரண்டு பேர் டெம்போ டிராவலர் எடுத்தால் தலைக்குச் செலவு குறையும். வாடகை பேசும்போது கவனம் தேவை. உள்ளூர் வாடகை வழக்கமாகப் பத்து மணி நேரம், நூறு கிலோமீட்டர் என்று பேசுவார்கள். நம் பயணம் காலை ஏழு முதல் இரவு பத்து வரை, பதினைந்து மணி நேரம், தூரமும் 120 முதல் 190 வரை போகும். கூடுதல் மணிக்கும் கிலோமீட்டருக்கும் தனித்தனியாகச் சேர்ந்தால் பேசிய தொகையைவிட ஏறிவிடும், முழு நாள் தொகையாகப் பேசுங்கள். இரண்டு நாளாக எடுத்தால் வெளியூர்க் கணக்கில் நாளொன்றுக்குக் குறைந்தபட்ச கிலோமீட்டர் என்று போடுவார்கள், ஓடாத தூரத்துக்கும் பணம் போகும். டிரைவர் பேட்டா இரண்டு, அவருக்குப் படுக்க இடம், பார்க்கிங், சுங்கம் யார் கையில் என்பதையெல்லாம் முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

துணி விஷயத்தை எல்லா வீட்டுக்கும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். தண்ணி ரைடுக்கு நைலான், பாலியஸ்டர் நீச்சலுடைதான். காட்டன் டீ-ஷர்ட், ஜீன்ஸ், புடவை, சுடிதாரோடு இறங்க விடமாட்டார்கள். உள்ளே வாங்கினால் விலை அதிகம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பாதி விலைக்குக் கிடைப்பதைப் பன்னிரண்டு பேரும் பூங்காவுக்குள் போய் வாங்கினால் ஒருவருடைய டிக்கெட் காசு அதிலேயே போய்விடும்.

## பெங்களூரு பூங்காவுக்குப் போவதென்றால்

மைசூரு சாலையில் பிடதியில் இருக்கும் வொண்டர்லா 2005-இல் திறந்தது, ரைடுகள் அறுபதுக்கு மேல், வளாகத்துக்குள்ளேயே தங்கும் விடுதியும் உண்டு. சென்னைப் பூங்காவை ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு இது அடுத்த கட்டம். சென்ட்ரலிலிருந்து அதிகாலை வந்தே பாரத்தில் போனால் பத்து மணியளவில் பெங்களூரு, பிறகு முப்பது கிலோமீட்டர் நகர நெரிசல். பூங்காவுக்குள் போக மதியம் நெருங்கிவிடும். அதனால் பகல் ரயிலில் போகிறவர்கள் அன்றே பூங்கா என்று திட்டமிடக் கூடாது. இரவு மெயிலில் போய் விடியலில் இறங்கி, நிலையத்துக்குப் பக்கத்தில் குளித்து, மெட்ரோவில் சல்லகட்டா வரை போய் அங்கிருந்து பேருந்தோ டாக்ஸியோ பிடித்தால் பதினொன்றுக்கு வாசலில் நிற்கலாம். மாலை ஆறுக்கு முடித்து அதே மெயிலில் இரவு திரும்பினால் அறை வாடகை இல்லை. இளைஞர்களுக்கு இது நடக்கும். பிள்ளைகளோடு போனால் ஓர் இரவு தங்குங்கள், பூங்கா டிக்கெட் அப்போதும் ஒன்றே போதும், மறுநாளை மைசூருக்கு வையுங்கள். திரும்பும் ரயிலுக்குப் படுக்கை உறுதியான பிறகே பூங்கா டிக்கெட் போடுங்கள். ரயிலில் இடம் கிடைக்காமல் போனால் பூங்கா டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் திரும்பி வருவது கடினம்.